பயாப்ராவின் பசியும் பங்குக் கோயில்களும்

நைஜீரியா நாட்டின் கிழக்குப் பகுதியில், ஒனிட்சாவிலிருந்து ஓவரி செல்லும் வழியில் ஊலி என்றோர் ஊர் உண்டு. 1968, 1969-ஆம் ஆண்டுகளில் அவ்வூர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே விமான நிலையமாக இருந்தது. பகலில் அங்கே ஈ காக்கை இராது. இருட்டியபின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கை அணைத்துக்கொண்டு வந்து வட்டமிடும். சாலையோர விளக்குகள் ஒரு சில கணங்களே எரியும். அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டாக வேண்டும். அதே வானத்தில் குண்டு போடக் காத்திருக்கும் விமானமும் சுற்றிக்கொண்டிருக்கும். இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த விமானங்களில் இருந்தவை பால் பவுடர், உலர்ந்த மீன், உப்பு, மருந்து. அவற்றை அனுப்பி வைத்தவை பல நாட்டுத் திருச்சபைகள். கூட்டுத் திருச்சபை உதவிக் குழு என்பதே அவ்வமைப்பின் பெயர். அதன் ஆங்கில முதலெழுத்துக்களை வைத்து, 'இயேசு கிறிஸ்து விமானக் கம்பெனி' என்று விமானிகள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

நம் பங்கின் வரலாறு இம்மலரின் வேறு பக்கங்களில் விரிவாக இடம் பெறுகிறது. பசித்தோர்க்கு உணவளிக்கும் பணியில் உள்ளூர்த் திருச்சபையும் வெளிநாட்டு உதவிச் சங்கங்களும் எவ்வாறு கைகோத்தன, எங்கே கை நழுவின என்பதற்கு உலக வரலாற்றிலிருந்து ஓர் ஏட்டை எடுத்துக்காட்டுவது நம் நோக்கம். பயாப்ராவைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் விமானத்தைப் பற்றியே எழுதினார்கள். நாம் மூட்டை விமானத்தை விட்டு இறங்கிய பிறகு நடந்ததைச் சொல்ல விரும்புகிறோம்.

போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நைஜீரியா 1960 அக்டோபர் முதல் நாள் சுதந்திரம் அடைந்தது. 1966-இல் இரண்டு இராணுவப் புரட்சிகள் நிகழ்ந்தன. வடக்கே குடியேறியிருந்த இக்போ இனத்தவர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோர் மூட்டை முடிச்சோடு கிழக்கே திரும்பினார்கள். 1967 மே 30 அன்று கிழக்கு மாநிலத்தின் தலைவர் ஓஜுக்வு அதனைப் பயாப்ரா என்ற தனி நாடாக அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது. 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் வீழ்ந்தபின் பயாப்ராவுக்குக் கடல் வழியே இல்லாமற் போயிற்று. நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்த நிலத்தில் அகதிகளும் ஊர்க்காரர்களும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள்.

அந்நிலத்தில் வள்ளிக்கிழங்கும் மரவள்ளியும் விளையும். வயிறு ஓரளவு நிறையும். ஆனால் இறைச்சிக்கு மாடுகள் வடக்கிலிருந்து வரவேண்டும். மீன் கடலிலிருந்து வரவேண்டும். அதிலும் இக்போ மக்கள் விரும்பி உண்ட 'ஒக்போரோகோ' என்னும் காய்ந்த மீன் நார்வே நாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. உப்பே இடாமல் குளிர்காற்றில் கட்டையாக உலர்த்திய மீன் அது. நம் கருவாட்டுக்குத் தூரத்து உறவு எனலாம். பானையில் போட்டால் கடகடவென்று சத்தமிடும் என்பதால் அந்தப் பெயராம். துறைமுகம் அடைபட்டதும் மாடு நின்றது, மீன் நின்றது, உப்பும் நின்றது. மரவள்ளி மாவு மட்டும் மிஞ்சியது.

முதலில் வாடியவர்கள் பால் மறந்த பிள்ளைகள். கால் வீங்கும், முகம் உப்பும், கருமுடி செம்பட்டையாகும், தோல் உரியும். பிள்ளை அழக்கூடச் செய்யாது. உணவைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். குவாஷியோர்க்கர் என்பது இந்நோயின் பெயர். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் தங்கக் கடற்கரையில் பணியாற்றியபோது, 1930-களில் இதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். 'கா' மொழிச் சொல்லான அதற்கு, அடுத்த குழந்தை பிறந்ததால் மார்பை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது பொருள். நம் பாட்டிமார் 'சவலைப் பிள்ளை' என்று சொன்னதும் அதைத்தானே! ஆப்பிரிக்கத் தாயும் தமிழ்த் தாயும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே உண்மையைக் கண்டு பெயரிட்டிருப்பது எண்ணி வியக்கத்தக்கது.

உலகப் பத்திரிகைகள் 1968 ஜூன் மாதத்துக்குப் பிறகே இக்குழந்தைகளின் படங்களை வெளியிட்டன. ஆனால் பங்குச் சுவாமிமார்களும் மிஷன் மருத்துவமனைக் கன்னியரும் அதற்குப் பல மாதம் முன்பே கண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒனிட்சாவில் பரிசுத்த ஆவி சபைக் குருக்கள் 1885-இல் கால் வைத்தவர்கள். முதலில் பிரெஞ்சுக்காரர்களும் பின்னர் அயர்லாந்து நாட்டவரும் அங்கே பணியாற்றினர். ஆயர் ஷானகன் காலத்திலிருந்து, ஊருக்கொரு பள்ளிக்கூடம் என்பதே அவர்கள் வேதம் போதித்த முறை. ஆகவே 1967-இல் போர் மூண்டபோது இக்போ நாட்டின் மூலை முடுக்கெல்லாம் ஒரு கோயில், ஒரு பள்ளி, ஓர் உபதேசியார், ஒரு பெண்கள் சங்கம் என்று அமைந்திருந்தன. ஒனிட்சாவின் பேராயராக அவ்வாண்டுதான் பொறுப்பேற்றிருந்தவர் இக்போ இனத்தவரான பிரான்சிஸ் அரின்சே. அப்போது அவருக்கு வயது 34. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1967 டிசம்பரில் நைஜீரியாவுக்கு இரு தூதர்களை அனுப்பினார். நிலைமையைத் தம் கண்ணால் கண்ட அவர்களின் செய்தி, காரித்தாஸ் உதவி பெருகுவதற்கு ஒரு காரணமாயிற்று.

தொடக்கத்தில் உதவிப்பொருளுக்குத் தனி விமானம் கிடையாது. போர்த்துக்கேயர் வசமிருந்த சாவோ தோமே தீவிலிருந்து, ஆயுதம் ஏற்றிச் செல்லும் ஒருவரின் விமானங்களில் இடம் வாங்கித்தான் காரித்தாஸ் பால் பவுடரை அனுப்ப வேண்டியிருந்தது. அவரே வேளையும் விலையும் வகுத்தார். அயர்லாந்துக் குருவான அந்தோணி பர்ன் இத்தீவிலிருந்து காரித்தாஸ் பணியை நடத்தினார். 1968 ஆகஸ்டில் சுவீடன் நாட்டுப் பிரபு கார்ல் குஸ்தாவ் வான் ரோசன் தாழப் பறந்து ஊலியில் இறங்கி ஒரு புது வழி காட்டினார். உடனே டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து நாட்டு லூத்தரன் சபைகள் சேர்ந்து தமக்கென ஒரு விமான அமைப்பை ஏற்படுத்தின. அதனோடு காரித்தாஸ், ஜெர்மானியச் சபைகள், அமெரிக்கக் கத்தோலிக்க நிவாரண சேவை, அமெரிக்கப் புராட்டஸ்டாண்டுகளின் உலகத் திருச்சபைச் சேவை எல்லாம் இணைந்தன. அமெரிக்க யூதர் சங்கமும் பங்கு கொண்டது. 1968 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசு எட்டுப் பெரிய விமானங்களைப் பெயரளவு விலைக்கு விற்க இசைந்தது. நான்கு திருச்சபைகளுக்கு, நான்கு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. பிரிந்த சகோதரரின் கோயில் வாசலை மிதிப்பதே பாவம் என்று நினைத்த பெரியவர்கள் நம் ஊர்களில் அப்போதும் இருந்தார்கள். அங்கேயோ லூத்தரன் பணத்தில் வாங்கிய மீனை, காரித்தாஸ் கிடங்கிலிருந்து கத்தோலிக்கக் குரு லாரியில் ஏற்றி, பிரஸ்பிடேரியன் மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்! சங்கத்தின் ஏடுகளைப் பற்றிப் பேசிய கூட்டங்களைவிட இந்த லாரிகள் அதிகம் போதித்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

போர் முடியும்வரை இத்திருச்சபை விமானங்கள் 5,300 தடவைக்கு மேல் பறந்தன என்றும், சுமார் 60,000 டன் பொருள் கொண்டு சேர்த்தன என்றும் கணக்குச் சொல்கிறது. இறங்குகையில் நொறுங்கி மாண்ட விமானிகள் பலர்.

இனி மூட்டைக்கு வருவோம். விடிவதற்குள் அது ஊலியை விட்டு அகன்றாக வேண்டும். இரவோடு இரவாக லாரிகள் அதனைக் கிடங்குகளுக்குக் கொண்டு போகும். அங்கிருந்து மாகாணம், பங்கு, கிளைக் கிராமம் என்று இறங்கும். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் உதவியும் செஞ்சிலுவை உதவியும் தத்தம் வழியே இவ்வாறு சென்றன. கிராமத்தில் உணவு நிலையம் என்பது பெரும்பாலும் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம்தான். ஊதியமின்றி இருந்த ஆசிரியர்களே கணக்கெழுதினார்கள். ஊர்ப் பெண்கள் விறகு சுமந்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், பெரிய பானைகளில் சமைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாகக் கையில் கிண்ணத்தோடு நிற்பார்கள். நடக்க முடியாத, வீங்கிப்போன பிள்ளைகளுக்கு நோயாளர் கொட்டகை வேறாக இருந்தது. கன்னியரும் உள்ளூர்த் தாதியரும் அங்கே சிறிது சிறிதாக, அடிக்கடி பால் புகட்டுவார்கள். சவலைப் பிள்ளைக்கு ஒரேயடியாக ஊட்டினால் உயிருக்கே ஆபத்து என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

வெளிநாட்டுச் சங்கம் எதையும் அனுப்பலாம். ஊர்ப்பிள்ளை எதைத் தின்னும் என்பதை ஊர்க்காரரே சொல்ல முடியும். நார்வேயின் காய்ந்த மீன் சாக்குச் சாக்காய் ஊலியில் இறங்கியது இதனால்தான். பழகிய உணவு, கெடாத உணவு, எடைக்கு எடை சத்து மிகுந்த உணவு. அந்நிய மண்ணின் மீன் அங்கே சொந்த உணவு என்பதை ஐரோப்பிய அலுவலகத்தில் இருந்தபடியே யார் கண்டிருப்பார்? மறுபக்கம், உள்ளூரில் செய்ய இயலாததை வெளியார் செய்தார்கள். குழந்தைகள் நல நிறுவனமான யூனிசெப், மூன்று பங்கு கேசீன் என்னும் பால் புரதம், ஐந்து பங்கு கொழுப்பு நீக்கிய பால் பவுடர், பத்துப் பங்கு சர்க்கரை சேர்த்து 'கே-மிக்ஸ் 2' என்ற கலவையை இப்பஞ்சத்துக்கென ஆக்கியது. நோய் முற்றிய பிள்ளைக்கு அதனை நீரும் எண்ணெயும் கலந்து கொடுத்தார்கள். புரதக் குறைவு ஒன்றே இந்நோய்க்குக் காரணம் என்று அன்று நம்பினார்கள். இன்றைய மருத்துவர்கள் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. தொடக்க நாட்களில் புரதமும் உப்பும் குறைத்தே கொடுக்கிறார்கள்.

நம் பள்ளிகளில் படித்த பலருக்கும் அக்காலத்துப் பால் பவுடரின் வாசனை மறந்திருக்காது. 1946 முதல் இந்தியாவில் பணிபுரிந்த கத்தோலிக்க நிவாரண சேவையும், 1962-இல் தொடங்கிய இந்தியக் காரித்தாஸும் நமக்கு அயலானவையல்ல. அமெரிக்காவில் மூட்டை கட்டிய மஞ்சள் மாவை நாம் வரிசையில் நின்று வாங்கியபோது, அதே போன்ற மூட்டைக்காக ஊலியில் விமானிகள் உயிர் விட்டார்கள் என்பதை அன்று நமக்கு எடுத்துச் சொன்னவர் இல்லை.

ஒரு சிறு கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் பிள்ளைகள் கூடிய இடத்தில் யாருக்கு முதலில் ஊட்டுவது? தராசு கிடையாது. பிறந்த தேதி பல தாய்மாருக்குத் தெரியாது. குவேக்கர் சபையினரின் உதவிக் குழு இதற்கு ஒரு கோலைச் செய்தது. பிள்ளையின் மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ள வேண்டும். பின் பிள்ளையைக் கோலருகே நிறுத்த வேண்டும். கோலில் உயரத்துக்கு நேராக, அவ்வுயரத்தில் இருக்கவேண்டிய கைச் சுற்றளவு குறிக்கப்பட்டிருக்கும். கை மெலிந்து பிள்ளை குறியைவிட உயர்ந்து நின்றால் உடனே உணவு. படித்தவர் படிக்காதவர் யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். 'குவாக் கோல்' என்று இதற்குப் பெயர். கோலின் மற்றொரு நன்மை மருத்துவ நூல்களில் அவ்வளவாகக் காணப்படுவதில்லை: ஊரில் பந்தி பரிமாறும் ஆசிரியர்மேல் 'உன் சாதிசனத்துக்கு மட்டும் கொடுத்தாய்' என்ற பழி வராது. கோல் சொல்லிற்று, கொடுத்தோம் என்று சொல்லிவிடலாம்.

இத்தனையும் புகழ்ந்த நாம் கசப்பான பக்கத்தை மறைப்பது முறையன்று. ஆயுதமும் உணவும் ஒரே சாலையில் இறங்கின. பகல் நேரத்தில் சோதனையிட்டு உணவை விடுகிறோம் என்றது நைஜீரிய அரசு. சோதனை என்ற பெயரில் எதிரி உள்ளே நுழைவான், உணவில் நஞ்சு கலப்பான் என்று மறுத்தார் ஓஜுக்வு. இருவர் வீம்புக்கும் நடுவில் மடிந்தவர்கள் குழந்தைகள். திருச்சபைகள் உள்ளூரில் பொருள் வாங்கக் கொடுத்த அந்நியச் செலாவணி, ஓஜுக்வு அரசுக்குத் துப்பாக்கி வாங்கவும் உதவியது என்ற குற்றச்சாட்டு அன்றும் உண்டு, இன்றும் உண்டு. உதவி போரை நீட்டித்தது என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். 1969 மே மாதம் வான் ரோசன் பிரபு, அதாவது முந்தைய ஆண்டு உணவு விமானம் ஓட்டியவர், சிறு விமானங்களில் ராக்கெட் பொருத்தி நைஜீரிய விமானத் தளங்களைத் தாக்கினார். அவர் அப்போது திருச்சபைகளின் பணியில் இல்லைதான். ஆயினும் லாகோஸ் அரசின் சந்தேகத்துக்கு இதைவிட வேறு தூபம் வேண்டுமா? ஜூன் 5-ஆம் நாள் செஞ்சிலுவைச் சங்கத்தின் விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. செஞ்சிலுவை தன் விமானங்களை நிறுத்திக்கொண்டது. திருச்சபை விமானங்கள் தொடர்ந்தன.

லாகோஸ் பக்கத்திலும் கத்தோலிக்கர் இருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். உரோமையின் காரித்தாஸ் கலகக்காரர் பக்கம் பறக்கிறது என்று அக்கம்பக்கத்தார் ஏசியபோது அவர்களுக்கு விடை சொல்ல முடியவில்லை. காரித்தாஸ் நைஜீரிய அரசின் பகுதிகளுக்கும் உதவி கொடுத்தது உண்மை. ஆனால் அதனைப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. 1969 ஜூலை இறுதியில் உகாண்டா வந்த திருத்தந்தை இரு தரப்பாரையும் அழைத்துப் பேசினார். சமாதானம் கைகூடவில்லை.

1970 ஜனவரி 15 அன்று போர் முடிந்தது. மாண்டவர் தொகை ஐந்து இலட்சம் முதல் முப்பது இலட்சம் வரை என்று பலவாறாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் பட்டினியால் இறந்தவர்கள். தலைவர் கோவன், பயாப்ராவுக்குப் பறந்த காரித்தாஸின் உதவியும் கூட்டுத் திருச்சபைக் குழுவின் உதவியும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அயர்லாந்துக் குருக்களும் கன்னியரும் போர்ட் ஹார்கோர்ட்டில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தார்கள் என்பது குற்றம்! பின்னர் நாடு கடத்தப்பட்டார்கள். இருபது முப்பது ஆண்டு உழைத்த ஊரைத் திரும்பிப் பார்க்கவும் பலருக்கு வாய்க்கவில்லை.

பானையும் அடுப்பும் மட்டும் ஊரில் இருந்தன. உபதேசியார், ஆசிரியர், பெண்கள் சங்கம், ஒரு சில இக்போ குருக்கள், கன்னியர் ஆகியோர் மிஞ்சிய மூட்டைகளோடு பணியைத் தொடர்ந்தார்கள். வெளிநாட்டவர் போனால் திருச்சபை சாயும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். எனுகுவில் உள்ள பிகார்டு குருமடம் பின்னாட்களில் உலகின் மிகப் பெரிய குருமடங்களில் ஒன்றாயிற்று. பேராயர் அரின்சே 1985-இல் கர்தினால் ஆனார். போரின்போது காபோன், ஐவரி கோஸ்ட் நாடுகளுக்கு விமானத்தில் அனுப்பப்பட்ட சுமார் ஐயாயிரம் பிள்ளைகள் 1970 இறுதியிலிருந்து வீடு திரும்பினார்கள். பெயரைச் சொல்லத் தெரியாத வயதில் போன பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு!

அப்போரிலிருந்து புறப்பட்ட சங்கங்கள் சில இன்றும் பசிப்பணியில் முன்நிற்கின்றன. 1968-இல் டப்ளின் நகரத்தில் ஜான், கே ஒலாக்லின் கென்னடி தம்பதியர் தொடங்கியதே 'கன்சர்ன்'. பயாப்ராவில் பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர் 1971-இல் மற்றவர்களோடு சேர்ந்து 'எல்லையற்ற மருத்துவர்கள்' சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். 1994-இல் செஞ்சிலுவையும் காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் பிற சங்கங்களும் கூடிப் பத்து நெறிகள் வகுத்தன. உள்ளூர் ஆற்றலின்மீதே உதவியைக் கட்டியெழுப்ப முயலவேண்டும் என்பது ஆறாம் நெறி. ஊலியில் கண்டதை எழுத்தில் எழுதக் கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

அதற்குப் பின்னரும் நோய் முற்றிய பிள்ளையைத் தாயோடு கூடாரத்தில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்தது. தாய் இங்கே இருந்தால் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது யார்? 1996-இல் ஆந்த்ரே பிரியான் என்ற பிரெஞ்சு மருத்துவரும் நியூட்ரிசெட் கம்பெனியாரும் வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், உயிர்ச்சத்துக்கள் சேர்த்த ஒரு பசையை உண்டாக்கினார்கள். தண்ணீர் வேண்டாம், சமைக்க வேண்டாம். 2000-க்குப் பிறகு மருத்துவர் ஸ்டீவ் காலின்ஸ் குழுவினரும் கன்சர்ன் சங்கமும் எத்தியோப்பியாவிலும் மலாவியின் டோவா மாவட்டத்திலும், பிள்ளையை வீட்டிலேயே வைத்துத் தேற்றும் முறையை நடத்திக் காட்டினார்கள். பிள்ளையைக் கண்டுபிடிப்பவர் ஊர்த் தொண்டர், பார்ப்பது அரசாங்கச் சுகாதார நிலையம், ஊட்டுபவர் தாய், வெளிநாட்டார் பின்னால் நின்று பொருளும் பயிற்சியும் கொடுப்பார்கள். 2007-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும் உலக உணவுத் திட்டமும் இம்முறையை ஏற்று அறிவித்தன. வேர்க்கடலைப் பசையை மலாவியிலேயே செய்யவும் தொடங்கினார்கள்.

பணத்தின் கதை வேறு. 2016-இல் இஸ்தான்புல் மாநாட்டில், 2020-க்குள் உதவிப் பணத்தில் நூற்றுக்கு 25 பங்கை இயன்றவரை நேராக உள்நாட்டுச் சங்கங்களுக்கே கொடுப்பதென்று பெரிய அரசுகளும் சங்கங்களும் ஒப்பந்தம் செய்தன. 2020 வந்தது, மொத்தக் கணக்கில் அந்த அளவு வந்து சேரவில்லை. கிராமத்தில் பானை கிளறுபவரை நம்பும் அளவுக்கு, அவர் கணக்குப் புத்தகத்தை நம்ப இன்னும் மனம் வரவில்லை போலும்.

குவேக்கர் கோலின் இடத்தில் இன்று ஒரு வண்ணப் பட்டை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் சுற்றினால், 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு. நைஜீரியாவுக்கு வடக்கே உள்ள நைஜர் நாட்டில் அப்பட்டையைத் தாய்மார் கையிலேயே கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளருக்கு ஏறத்தாழ இணையாகவே அவர்கள் அளந்தார்கள். பிள்ளை மிக மெலிவதற்கு முன்பே நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள்.